ஆரில் வரைந்த படத்தைச் சுற்றி வெள்ளை இடம்: பிடிஎஃப் எடுக்கும்போதே குறைப்பது எப்படி?

காப்பித்தோட்டம் | செவ்வாய், இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். சேர்வராயன் மலையில் உயரம் கூடக் கூடக் காப்பித் தோட்ட மண்ணின் கரிமச் சத்து எப்படி மாறுகிறது என்பதுதான் என் ஆய்வேடு. மொத்தம் 23 படங்கள். எல்லாம் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் வரைந்து, பிடிஎஃப்பாக எடுத்து, ஆய்வேட்டை அச்சுக்கு அமைக்கும் லேடெக்கில் சேர்த்தவை.

போன வாரம் முதல் பிரதியோடு சேலத்துக்கு இறங்கினேன். வழிகாட்டி மேடம் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, மேசையில் கிடந்த ஸ்கேலை எடுத்து ஒரு படத்தின் மேல் வைத்தார்கள். மேலே பத்தி முடிகிற இடத்துக்கும் படத்தின் கட்டம் தொடங்குகிற இடத்துக்கும் நடுவே 2 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே சும்மா கிடந்தது. "பக்கத்துக்கு ஒரு படம்தான் நிக்குது. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்க வேண்டிய படத்தை எல்லாம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கணுமா?" என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம்.

ஆரில் படத்தின் அமைப்புகளை மாற்றும் 'பார்' கட்டளையில் மார்ஜினை, அதாவது ஓர இடத்தை, குறைத்துப் பார்த்தேன். திரையில் குறைகிறது. அதே படத்தைப் பிடிஎஃப்பில் எடுத்தால் பழைய இடைவெளி அப்படியே வந்து நிற்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

குச்சிக்கிழங்கு_ஆத்தூர் | செவ்வாய், இரவு 9.41

தங்கச்சி, லேடெக் இருக்கிறது என்றால் 'பிடிஎஃப்கிராப்' என்ற கருவியும் பெரும்பாலும் கூடவே இருக்கும். டெக் லைவ் என்ற லேடெக் தொகுப்பை நிறுவினால் அதனோடு வருவது. கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். மையும் எழுத்தும் எங்கே முடிகின்றன என்று கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் அளந்து சொல்லும், அந்த எல்லையில் நறுக்கிப் புதுக் கோப்பு தரும். உள்ளே இருப்பது வெக்டராகவே, அதாவது கோடாகவும் எழுத்தாகவுமே, இருக்கும். எழுத்து மங்காது. 23 படமும் ஐந்து நிமிட வேலை.

ஓரத்தில் கொஞ்சம் மூச்சு விட வேண்டும் என்றால் 'மார்ஜின்ஸ் 2' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எழுத்தை உரசிக்கொண்டு வெட்டிவிடும்.

சேர்வராயன் | செவ்வாய், இரவு 10.35

ஆத்தூர் தம்பி சொன்னது வேலை செய்யும். ஆனால் காப்பித்தோட்டம் அம்மாவிடம் தரவும் இருக்கிறது, கட்டளைக் கோப்பும் இருக்கிறது. வரைந்து முடித்து வெட்டுவதைவிட, அச்சில் எந்த அளவில் வரப்போகிறதோ அந்த அளவிலேயே வரைவதுதான் சரி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இருபது வருடமாக மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித் தருகிறேன். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது.

முதலில் உங்கள் தப்பு. 'பார்' என்ற கட்டளை அந்த நேரத்தில் திறந்திருக்கும் சாதனத்துக்கு, அதாவது படம் விழும் திரைக்கோ கோப்புக்கோ, மட்டும்தான் பொருந்தும். நீங்கள் திரை திறந்திருக்கும்போது மார்ஜினை மாற்றுகிறீர்கள், திரைக்கு மாறுகிறது. அப்புறம் 'பிடிஎஃப்' என்று கூப்பிட்டவுடன் ஒரு புதுச் சாதனம் திறக்கிறது. அதற்குப் பழைய பேச்சு எதுவும் தெரியாது. ஆகவே முதலில் பிடிஎஃப்பைத் திறக்க வேண்டும், அடுத்து 'பார்', அடுத்து படம், கடைசியில் 'டெவ் ஆஃப்'. அந்தக் கடைசியை மறந்தால் கோப்பு திறக்கவே திறக்காது.

இப்போது அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஆர் மார்ஜினை வரிக் கணக்கில் வைக்கிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கீழே 5.1, இடது 4.1, மேலே 4.1, வலது 2.1 வரிகள். 12 புள்ளி (பாயின்ட்) எழுத்துக்கு ஒரு வரி 0.2 அங்குலம். அதாவது மேலே மட்டும் 0.82 அங்குலம். அது தலைப்புக்காக ஒதுக்கிய இடம். ஆய்வேட்டில் தலைப்பைப் படத்தின் மேலே போடுவதில்லை, கீழே விளக்க வரியாகப் போடுகிறோம். அதனால் அந்த இடம் அப்படியே காலி.

பிடிஎஃப் தாளின் இயல்பான அளவு 7க்கு 7 அங்குலம். உங்கள் ஆய்வேடு ஏ4 தாள், பைண்டிங்குக்காக இடது 1.5 அங்குலம், வலது 1 அங்குலம் விட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 8.27ல் 2.5 போனால் எழுத்து ஓடும் அகலம் 5.77 அங்குலம். 7 அங்குலப் படத்தை லேடெக் 5.77க்குச் சுருக்குகிறது. 0.82 அங்குலம் 0.68 ஆகிறது. அதுதான் 1.7 செ.மீ. மேடம் ஸ்கேலில் பார்த்த 2 செ.மீ. சொச்சத்தில் மிச்சம் இருப்பது பத்திக்கும் படத்துக்கும் நடுவே லேடெக் விடும் இடம். அதைத் தொட வேண்டாம்.

சுருக்கும்போது எழுத்தும் சேர்ந்து சுருங்குகிறது. நீங்கள் 12 புள்ளி என்று நினைத்தது தாளில் 9.9 புள்ளியாக விழுகிறது.

கட்டளையைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் அடியுங்கள்.

பிடிஎஃப்("படம்1", விட்த் = 5.77, ஹைட் = 4.6, பாயின்ட்சைஸ் = 10)
பார்(மார் = சி(3.2, 3.4, 0.5, 0.5), எம்ஜிபி = சி(2, 0.6, 0), டிசிஎல் = -0.3)
பிளாட்(...)
டெவ்.ஆஃப்()

'மார்' என்பதன் நான்கு எண்களும் கீழே தொடங்கி வலஞ்சுழியாக: கீழ், இடது, மேல், வலது. 'டிசிஎல்' அச்சில் நிற்கும் சிறு கோடுகளின் நீளம். 'எம்ஜிபி' மிக முக்கியம். முதல் எண் அச்சின் பெயர் எந்த வரியில் நிற்க வேண்டும் என்பது. இயல்பாக அது 3. மார்ஜினை மட்டும் 2.5 வரியாகக் குறைத்துவிட்டு இதை அப்படியே விட்டால், அச்சின் பெயர் தாளுக்கு வெளியே போய்விடும். பிழை என்று ஆர் ஒரு வார்த்தை சொல்லாது. மார்ஜினைக் குறைத்ததும் பெயர் காணாமல் போகிறது என்று பயந்து பலர் பழையபடியே விட்டுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது கணக்குப் பாருங்கள். பழைய முறையில் தரவுப் புள்ளிகள் விழும் களம், அச்சில், 4.75க்கு 4.25 அங்குலம். சுமார் 20 சதுர அங்குலம். புது முறையிலும் சுமார் 20 சதுர அங்குலம்தான் வரும். ஆனால் படத்தின் உயரம் 5.77ல் இருந்து 4.6 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட 3 செ.மீ. தாள் மிச்சம். லேடெக்கில் அகலம் எதுவும் சொல்லாமல் அப்படியே சேருங்கள். 10 புள்ளி எழுத்து 10 புள்ளியாகவே விழும்.

காப்பித்தோட்டம் | புதன், காலை 7.05

சார், ராத்திரியே செய்து பார்த்துவிட்டேன். எத்தனை மாதமாக இந்த வரிசை தெரியாமல் இருந்தேன்! ரொம்ப நன்றி.

இரண்டு சிக்கல். ஒன்று, கிடை அச்சில் உயரம் 400 முதல் 1600 மீட்டர் வரை. கடைசி எண் 1600 என்பது '160' என்று தெரிகிறது. கடைசிச் சுழியத்தில் ஒரு வளைவு மட்டும் மயிரிழையாக ஓரத்தில் நிற்கிறது. அச்சுக்குப் போயிருந்தால் 160 மீட்டர் என்றே படித்திருப்பார்கள்.

இரண்டு, முன்னிணைப்பில் தோட்டக்காரர்களுக்காகத் தமிழில் ஒரு சுருக்கம் வைத்திருக்கிறேன். அதில் உள்ள படங்களில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் புள்ளி புள்ளியாக வருகின்றன. இதுவரை அவற்றைப் பிஎன்ஜியாக எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன்.

சேர்வராயன் | புதன், காலை 8.10

முதல் சிக்கல் என் கவனக்குறைவு. அச்சு எல்லையை ஒட்டி முடிய வேண்டும் என்று 'எக்ஸ்ஏஎக்ஸ்எஸ்' என்பதை 'ஐ' என்று வைத்திருக்கிறீர்கள், சரிதானே? இயல்பாக ஆர் தரவின் இரு பக்கமும் 4 விழுக்காடு தள்ளி அச்சை விரிக்கும். நீங்கள் அதை எடுத்துவிட்டதால் 1600 கட்டத்தின் ஓரத்தில் சரியாக நிற்கிறது. எண் தன் கோட்டுக்கு இரு பக்கமும் சரிபாதியாக எழுதப்படும். நான்கு இலக்கம் 10 புள்ளியில் சுமார் 22 புள்ளி அகலம், பாதி 11. நான் சொன்ன 0.5 வரி என்பது 6 புள்ளிதான். மீதி 5 புள்ளி, அதாவது ஏறக்குறைய ஓர் இலக்கம், தாளுக்கு வெளியே போய்விட்டது. வலது மார்ஜினை 1 ஆக்குங்கள். சரியாகிவிடும்.

எந்த மார்ஜின் ஆனாலும் அது எழுத்துக்கான இடம். எழுத்து எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும்.

அம்மாப்பேட்டை_நூல் | புதன், காலை 10.22

தமிழ் எழுத்துச் சிக்கலுக்கு நான் சொல்கிறேன். சாதாரண 'பிடிஎஃப்' சாதனத்துக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் மாற்ற முடியாமல் புள்ளி வைத்துவிடும், எச்சரிக்கையும் கொடுக்கும். அதற்குப் பதில் 'கெய்ரோ பிடிஎஃப்' என்று திறங்கள். அளவுகள் எல்லாம் அதே. 'ஃபேமிலி' என்ற இடத்தில் உங்கள் கணினியில் உள்ள தமிழ் எழுத்துருவின் பெயரைக் கொடுங்கள். விண்டோஸில் நிர்மலா யூஐ இருக்கும், லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டுக்கொள்ளலாம். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் வருகின்றனவா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வெக்டராகவே கிடைக்கும், பிஎன்ஜிக்குப் போகத் தேவையில்லை.

ஒன்று கவனியுங்கள் அக்கா. 'கூ', 'ழு', 'ளு' எல்லாம் ஆங்கில எழுத்தைவிடக் கீழே நன்றாக இறங்கும். சார் சொன்ன 3.2 வரி ஆங்கிலத்துக்குப் போதும். 'உயரம்' என்று மட்டும் எழுதினால் தப்பிக்கலாம். 'மண் அடுக்கின் கூறு' என்று நான் எழுதினேன், அடிக்கொக்கி பாதியில் வெட்டுப்பட்டது. 3.6 வைத்தபின் முழுதாக வந்தது.

குச்சிக்கிழங்கு_ஆத்தூர் | புதன், மதியம் 1.15

சார் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் என் நிலைமையில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். மரவள்ளி மாவுச்சத்து ஆய்வில் எனக்கு அறுபதுக்கு மேல் படங்கள். வரைந்த கணினியின் வட்டு போய்விட்டது. கையில் இருப்பது பிடிஎஃப் மட்டும்தான். திரும்ப வரை என்றால் எதை வைத்து வரைவேன்? வெட்டுவது தவிர வேறு வழி இல்லை. கூட இருப்பவர்கள் பலருக்கும் இதே கதைதான்.

சேர்வராயன் | புதன், மதியம் 2.40

தம்பி, அப்படி இருந்தால் வெட்டத்தான் வேண்டும். அதில் மறுபேச்சே இல்லை. எப்படி வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நீங்கள் ஒவ்வொரு படத்தையும் அதனதன் எல்லையில் நறுக்கினால், நிலை அச்சுக்குப் பெயர் எழுதிய படமும் எழுதாத படமும் வேறு வேறு அகலத்தில் வெளியே வரும். அப்புறம் இரண்டையும் ஒரே அகலத்துக்கு இழுக்கிறீர்கள். ஒன்றில் எழுத்து பெரிதாகவும் மற்றதில் சிறிதாகவும் நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டின் அடிக்கோடும் ஒரே மட்டத்தில் இருக்காது. இரண்டு ஆலைகளின் மாவை ஒப்பிடத்தானே அருகருகே வைக்கிறோம்? கண் முதலில் அந்தக் கோட்டைத்தான் தேடும்.

இரண்டு வழி உண்டு. நறுக்கியபின் லேடெக்கில் அகலம் சொல்லாமல் 'ஸ்கேல்' சொல்லுங்கள். எல்லாப் படத்துக்கும் ஒரே 0.82 (5.77ஐ 7ஆல் வகுத்தது). எழுத்து அளவாவது ஒன்றாக இருக்கும்.

அதைவிட நல்லது, எல்லாமே இயல்பான மார்ஜினில் வரைந்த 7 அங்குலப் படம் என்பதால், எல்லாவற்றிலும் ஒரே அளவு வெட்டுவது. மேலே 0.82 அங்குலம் என்பது 59 புள்ளி, அதில் 55 எடுக்கலாம். வலது 30 புள்ளி, அதில் 18 எடுக்கலாம். படத்தைச் சேர்க்கும் இடத்திலேயே 'ட்ரிம் = 0 0 18 55, கிளிப்' என்று போடுங்கள். கோப்பைத் தொடவே வேண்டாம். களம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும். 'கிளிப்' என்பதை விட்டுவிட்டால் வெட்டிய பகுதி மறையாது. வெள்ளைப் பின்னணி உள்ள படமாக இருந்தால் மேலே உள்ள பத்தியின் மேல் படிந்து அதை மறைத்துவிடும்.

இன்னொன்று. 'ட்ரிம்' வரிசை இடது, கீழ், வலது, மேல். ஆரில் கீழ், இடது, மேல், வலது. ஆரிலேயே இன்னொரு வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்டில் மேல், வலது, கீழ், இடது. மூன்றும் மூன்று விதம். என் மேசைக்கு முன்னால் ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

குச்சிக்கிழங்கு_ஆத்தூர் | புதன், மாலை 6.02

அந்த 'ட்ரிம்' யோசனை எனக்குத் தோன்றவே இல்லை சார். அறுபதையும் அப்படியே மாற்றிவிடுகிறேன். ஒரு வரியை மட்டும் எல்லா இடத்திலும் தேடி மாற்றினால் முடிந்தது.

மேட்டூர்_மதகு | புதன், மாலை 6.48

பைத்தானில் வரைபவர்களுக்காக ஒரு குறிப்பு. மேட்பிளாட்லிப்பில் 'சேவ்ஃபிக்' செய்யும்போது 'பிபாக்ஸ் இன்ச்சஸ்' என்பதை 'டைட்' என்று கொடுக்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். வெள்ளை போய்விடும், சுற்றிலும் 0.1 அங்குலம் மட்டும் நிற்கும். ஆனால் சார் சொன்ன அதே சிக்கல்தான் இங்கேயும். நீங்கள் 6.4க்கு 4.8 என்று கேட்ட படம் அந்த அளவில் வராது, படத்துக்குப் படம் அளவு மாறும். 'ஃபிக்சைஸ்' என்பதில் அச்சு அகலத்தைக் கொடுத்து 'லேஅவுட்' என்பதைக் 'கன்ஸ்ட்ரெய்ன்ட்' என்று வைத்தால், தாள் அளவு மாறாமல் உள்ளே இருக்கும் களமே விரிந்துகொள்ளும். நான் 'டைட்'டை விட்டு வருடக்கணக்காகிறது.

மிளகுக்கொடி | புதன், இரவு 8.30

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். சேர்வராயன் மலையின் வரைபடம் ஒன்று ஜிஜிபிளாட்டில் வரைந்திருக்கிறேன், மிளகு படர்ந்த சில்வர் ஓக் மரங்கள் எங்கெங்கே என்று. 'பிளாட் மார்ஜின்' நான்கையும் சுழியம் ஆக்கிவிட்டேன். 'எக்ஸ்பாண்ட்' வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். இருந்தும் இடது வலது இரண்டு பக்கமும் பட்டையாக வெள்ளை நிற்கிறது. எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பாக எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் 'பக்கத்தைப் படத்தின் அளவுக்கு மாற்று' என்று கொடுத்தேன். ஒரு அசைவும் இல்லை.

சேர்வராயன் | புதன், இரவு 9.15

அது மார்ஜின் இல்லை. வரைபடத்தில் அகலமும் உயரமும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. ஏற்காடு ஏறக்குறைய 11.8 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே தீர்க்கரேகை ஒரு பாகை என்பது அட்சரேகை ஒரு பாகையில் 0.98 பங்கு. மலையை நசுக்காமல் காட்ட வேண்டும் என்பதற்காக ஜிஜிபிளாட்டின் 'கோஆர்ட் எஸ்எஃப்' அந்த விகிதத்தை விடாப்பிடியாகக் காக்கும். நீங்கள் கொடுத்த தாள் அதைவிட அகலம் என்றால், மிஞ்சிய இடம் இரு பக்கமும் பிரிந்து வெள்ளையாக நிற்கும். அந்த மிச்சத்துக்கு 'பிளாட் மார்ஜின்' பொறுப்பல்ல.

தாளின் வடிவத்தை மாற்றுங்கள். உங்கள் வரைபடம் கிழக்கு மேற்காக 0.20 பாகை, வடக்கு தெற்காக 0.25 பாகை என்று வைத்துக்கொண்டால், 0.20ஐ 0.98ஆல் பெருக்கினால் 0.196. 0.25ஐ அதால் வகுத்தால் 1.28. அகலம் 4 அங்குலம் என்றால் உயரம் 5.1. 'ஜிஜிசேவ்' செய்யும்போது இதைக் கொடுங்கள். அச்சு எண்களுக்கும் குறிவிளக்கத்துக்கும் எவ்வளவு வேண்டுமோ அதை மேலே கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு தடவை எடுத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

ஐந்துரோடு_அச்சு | புதன், இரவு 10.50

இங்க்ஸ்கேப் ஏன் அசையவில்லை என்று நான் சொல்கிறேன். ஐந்து ரோடு பக்கம் அச்சு, ஃபிளெக்ஸ் வேலை. கல்லூரிப் பிள்ளைகளின் போஸ்டர் அடிக்கடி வரும்.

உங்கள் எஸ்விஜியில் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வெள்ளைக் கட்டம் கிடக்கிறது, தாள் அளவுக்கே. வெள்ளையின் மேல் வெள்ளை, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மென்பொருளுக்கு அதுவும் ஒரு பொருள்தான். படத்தின் எல்லை எது என்று கேட்டால் அந்தக் கட்டத்தின் எல்லையைச் சொல்லும். படத்தைத் தேர்ந்து, ஒன்றிரண்டு தடவை அன்குரூப் பண்ணி, ஓரத்தில் சொடுக்கினால் அந்தக் கட்டம் மாட்டும். அழித்துவிட்டு ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், தாள் படத்தோடு வந்து ஒட்டிக்கொள்ளும். வரையும்போதே பின்னணியைக் 'டிரான்ஸ்பரன்ட்' ஆக்கினால் இந்த வேலையே இல்லை. ஜிஜிபிளாட் என்றால் 'பிளாட் பேக்கிரவுண்ட்' என்பதையும் வெறுமையாக்க வேண்டும்.

காப்பித்தோட்டம் தங்கச்சிக்கும் ஒரு விஷயம். ஆரின் சாதாரண பிடிஎஃப்பில் ஹெல்வெடிகா எழுத்துரு உள்ளே இருக்காது, பெயர் மட்டும்தான் இருக்கும். எங்கள் கணினியில் கோரல்டிராவில் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்காரும். அகலம் மாறும். நீங்கள் மார்ஜினை மில்லிமீட்டர் கணக்கில் ஒட்டி வைத்திருப்பதால், எண்கள் கட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்கும். கடைக்குக் கொடுக்கிற கோப்பைக் கெய்ரோவில் எடுங்கள், இல்லையென்றால் 'எம்பெட் ஃபான்ட்ஸ்' கட்டளையில் எழுத்துருவை உள்ளே ஏற்றிக் கொடுங்கள்.

அப்புறம், பிடிஎஃப் படிக்கிற மென்பொருளில் 'கிராப்' செய்து கொண்டு வருவார்கள். அது பல நேரம் கோப்பில் 'கிராப் பாக்ஸ்' என்ற ஒரு எல்லையை மட்டும்தான் எழுதும். வெள்ளை உள்ளேயே இருக்கும், மறைந்திருக்கும். நாங்கள் இம்போர்ட் பண்ணும்போது முழுத் தாளின் எல்லையான 'மீடியா பாக்ஸ்' தேர்ந்திருந்தால் பழைய வெள்ளை முழுவதும் திரும்பி வந்துவிடும். ஃபிளெக்ஸ் சதுர அடிக் கணக்கு. வெள்ளைக்கும் சேர்த்துத்தான் காசு.

மிளகுக்கொடி | வியாழன், காலை 6.40

கட்டம் மாட்டியது அண்ணா, அழித்தேன். சார் சொன்ன விகிதத்தில் மறுபடி எடுத்தேன். பட்டை போய்விட்டது. மலையும் பெரிதாகத் தெரிகிறது.

காப்பித்தோட்டம் | சனி, இரவு 8.55

முடித்துவிட்டேன். 23 படங்களுக்கும் தனித்தனியாக அளவு எழுதாமல், திறப்பது, மார்ஜின் வைப்பது இரண்டையும் ஒரே சார்பாக (ஃபங்ஷனாக) எழுதி எல்லாக் கட்டளைக் கோப்பிலும் அதையே கூப்பிட்டேன். உயரத்தை 4.6க்குப் பதில் 4.1 ஆக்கினேன். களம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் இரண்டு படம் விளக்க வரிகளோடு ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக நிற்கின்றன, இடது ஓரம் இரண்டிலும் ஒரே கோட்டில். மேல்படத்தில் 1350 மீட்டர் பக்கம் கரிமச் சத்து ஏறுகிற இடத்தில் விரலை வைத்து நேராகக் கீழே இறக்கினால், கீழ்ப்படத்தில் நிழல் மரங்களின் அடர்த்தி ஏறுகிற இடத்தில் வந்து நிற்கிறது. தனித்தனிப் பக்கத்தில் இருந்தபோது இது எனக்கே தெரியவில்லை.

தமிழ்ச் சுருக்கத்துக்குக் கீழ் மார்ஜின் 3.6. கடைக்குப் போகும் கோப்புகள் எல்லாம் கெய்ரோவில்.

நேற்று மேடம் மறுபடி ஸ்கேலை வைத்தார்கள். பத்திக்கும் கட்டத்துக்கும் நடுவே 6 மி.மீ. ஸ்கேலை மேசையில் வைத்துவிட்டு, "1350ல என்ன நடக்குது, அதைச் சொல்லு" என்றார்கள். அதன் பிறகு ஒரு மணி நேரம் மண்ணைப் பற்றித்தான் பேசினோம்.